வாளித் தண்ணீரில் ஓடிய பம்பு

செய்தி வந்தபோது நான் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூக்கின்மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, எந்த வரிவரை தெரிகிறது என்று கேட்கும்போது கைபேசி அடித்தது. சென்னியப்பன் அண்ணனின் மகன் கதிரவன். "அக்கா, அப்பா போய்ட்டாருங்க" என்றார். எதிரே அந்த மனிதர் சுவரைப் பார்த்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இருந்தார். கதிரவன் தொடர்ந்து, "டேங்க் நல்லா இருக்குதுங்க. பம்பு நிக்கலீங்க" என்றார். அப்பா இறந்ததைச் சொல்லும்போது சேர்த்துச் சொல்கிற சேதியா இது என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். எனக்கோ அந்த இரண்டாவது வாக்கியம்தான் கண்ணீரை வரவழைத்தது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் நம் குழுவில் சென்னியப்பன் அண்ணனைத் தெரியாதவர் கிடையாது. வயதில் நம்மில் பலருக்கு அப்பா. ஆனாலும் எல்லோருக்கும் அண்ணன். கோயமுத்தூர் கணபதியில் பல காலம் பவுண்டரி என்னும் வார்ப்புப் பட்டறை நடத்தியவர். கிணற்று மோட்டார்களுக்கு உடல் வார்த்துக் கொடுத்த தொழில். அந்தக் கரிமணல் தூசியெல்லாம் கடைசியில் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூச்சு வாங்கத் தொடங்கியதும் பவுண்டரியை விற்றார். வீட்டின் மாடியில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியை வைத்து, அதற்குள் ஒரு கடலை உண்டாக்கினார். பவளங்கள், கோமாளி மீன்கள், கண்ணாடியில் ஊரும் நத்தைகள், வெள்ளை மீசை இறால்கள். கடற்கரைக்கும் நமக்கும் இடையில் இத்தனை மாவட்டம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், "நான் அங்க போக முடியாதுங்களே" என்பார்.

அது உண்மைதான். கடைசி சில ஆண்டுகள் அவர் மூக்கில் ஆக்சிஜன் குழாய். அறை மூலையில் ஒரு பெட்டி உறுமிக்கொண்டே காற்றைப் பிரித்துக் கொடுக்கும். அந்தக் குழாய் தொட்டிவரை எட்டும், சாப்பாட்டு மேசைவரை எட்டும். பால்கனிக்கு எட்டாது. நீளமான குழாய் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். பால்கனிக்குப் போனால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் இறங்கத் தோன்றும், மாடிப்படியை நினைத்தால் மூச்சு முட்டும் என்றார்.

அவரிடம் எவரும் நேராக விஷயத்துக்கு வந்துவிட முடியாது. "எடுத்த எடுப்புல கேட்டுப்போடாதீங்க அம்மணி. ஒரு காப்பி குடிச்சுபோட்டுக் கேளுங்க" என்பார். நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் பக்கத்தில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சண்டையை ஆரம்பித்துவிடுவோம். கோயமுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருடம் ஆகியும் இந்த ஊர் மரியாதை எனக்குப் பிடிபடவில்லை. எதிரியைக்கூட "வாங்க" என்று கூப்பிட்டு, பலகாரம் வைத்து, வந்த காரியத்தை மட்டும் பேசாமலே அனுப்பிவிடுவார்கள். காப்பி ஆறுகிற நேரத்தில் கேட்க வந்தது மறந்துபோகும். அதற்குத்தான் காப்பியே என்று நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். அவர் மனைவி மல்லிகா அக்கா என்னை முறைப்பார்.

தொட்டித் தண்ணீரைப் பற்றி அவர் சொன்ன ஒன்றை நம்மில் பலர் கேட்டிருப்பீர்கள். தொட்டியிலிருந்து தினமும் கொஞ்சம் ஆவியாகும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றி நிரப்ப வேண்டும். ஒருநாள் குடத்தைச் சாய்த்துக்கொண்டே சொன்னார்: "தண்ணி மட்டுந்தானுங்க தப்பிச்சுப் போகுது. உப்பு, இரும்பு, செம்பு எல்லாம் உள்ளயே கெடக்குது. போட்டது போட்டதுதானுங்க." அப்போது அவர் வேதியியல் பேசுகிறார் என்று நினைத்தேன்.

கதிரவன் அவருடைய ஒரே மகன். படிப்பு முடித்த கையோடு பவுண்டரிக்குள் போனவர், அங்கேயே வளர்ந்தவர். அண்ணன் பவுண்டரியை விற்றபோது மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரம் முடிந்த பிறகு சொன்னார். காப்பி குடித்துவிட்டுச் சொல்லலாம், காப்பி குடித்துவிட்டுச் சொல்லலாம் என்றே தள்ளிப்போட்டிருப்பார் என்பது என் ஊகம். கதிரவன் கத்தவில்லை. "சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஈரோட்டுக்குப் போய்ச் சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டுக்கொண்டார். அதன்பின் கல்யாண வீடுகளில் பார்த்தால் "வாங்கப்பா, சாப்பிட்டீங்களா?", "ஆச்சு கண்ணு, நீ சாப்பிட்டியா?" என்பதோடு சரி. தீபாவளிக்கு வந்தால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தட்டில் வைத்ததைத் தின்றுவிட்டுப் போவார். விருந்தாளியை இங்கே ஒறம்பரை என்பார்கள். "என்ற பையன் எனக்கு ஒறம்பரை ஆயிப்போட்டானுங்க" என்று அண்ணன் ஒருமுறை என்னிடம் சொன்னார். அன்றைக்கு மட்டும் காப்பி கொடுக்க மறந்துவிட்டார்.

பிறகு தொட்டியின் பம்பு நின்றது. வெளிநாட்டுப் பிளாஸ்டிக் பம்பு. ஓட்டம் நின்றால் பவளங்கள் அதிக நேரம் தாங்காது. மல்லிகா அக்கா யாரையும் கேட்காமல் ஈரோட்டுக்குப் போன் போட்டார். "அப்பாவோட மீன் தொட்டி மோட்டார் நின்னுபோச்சு கண்ணு." அவ்வளவுதான் சொன்னாராம். நம் குழுவில் ஒருவர் கொடுத்த இரவல் பம்பால் உயிர்களைக் காப்பாற்றி வைத்திருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை கதிரவன் ஒரு சாக்குப்பையோடு மாடி ஏறி வந்தார். உள்ளே அவரே வார்த்து, அவரே கடைந்து, அவரே பூட்டிய குட்டிப் பம்பு. கோயமுத்தூரில் பம்பு செய்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, அப்பாவின் தொட்டியில் அடுத்த நாட்டுப் பம்பு ஓடுவதா என்ற ரோஷம். தோட்டத்துக் கிணற்றுப் பம்பை எப்படிச் செய்வோமோ அப்படியே செய்திருக்கிறேன் என்றார். தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரம், தண்டு சுழலும் புஷ் வளையம், இரண்டும் தேயாத கன்மெட்டல் என்ற கலவை உலோகம். ஓட விட்டார். சத்தமே இல்லை. அண்ணன் குழாயை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அதன்மேல் கையை வைத்தார். "ஒரு அதிர்வு இல்லியே கண்ணு" என்றார். கதிரவன், "பழகற வரைக்கும் வாரா வாரம் ஒருக்காப் பாத்துப்போட்டுப் போறேனுங்கப்பா" என்றார்.

அதுமுதல் ஞாயிறுதோறும் வந்தார். எண்ணெய் விடுவார், நட்டை முடுக்குவார், காதை வைத்துக் கேட்பார். பிறகு இருவரும் பேரிங் பற்றியும் மணல் விலை பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் பல நாள் அங்கே இருந்திருக்கிறேன். மல்லிகா அக்கா சமையலறையில் பாத்திரத்தை மெதுவாக வைப்பார், பேச்சுக் கலைந்துவிடக் கூடாதென்று.

கொஞ்ச நாளில் தொட்டி உயிர்கள் சாகத் தொடங்கின, முதலில் நத்தைகள். கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மணலில் மல்லாந்து கிடந்தன. அடுத்து இறால்கள். அதன்பின் அவருக்கு மிகப் பிடித்த பெரிய குடைப் பவளம் சுருங்கி, விரல்போன்ற இழைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, தோல்போல் ஆகிவிட்டது. அண்ணன் ஊரில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். உப்பு மூட்டையைச் சந்தேகப்பட்டார். கொசுவர்த்தியை நிறுத்தச் சொன்னார். மல்லிகா அக்கா பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்த கையால் தொட்டியில் மீனுக்குச் சாப்பாடு போட்டார் என்று அவர்மேல் பாய்ந்தார். ஊரே பெருமைப்படும் சிறுவாணி ஆற்றுக் குழாய்த் தண்ணீரையே குறை சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோயமுத்தூரில் அதைச் சொன்னால் வீட்டை விட்டுத் துரத்துவார்கள். எதைச் சொல்லவில்லையோ அது மட்டும் தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சொன்னேன். காப்பிக்கு முன்னாலேயே சொன்னேன். "அண்ணே, பம்புதான். கன்மெட்டல் என்றால் செம்பு. உப்புத் தண்ணீரில் செம்பு கரையும். நத்தைக்கும் இறாலுக்கும் அது விஷம்." அவர் ஜன்னலைப் பார்த்தார். "முறுக்கு எடுத்துக்குங்க அம்மணி" என்றார். எனக்கு வந்த கோபத்தில் தொட்டித் தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்துக்கொண்டுபோய் நானே உலோகச் சோதனைக்கு அனுப்பிவிட்டேன்.

கடல் நீரில் இயற்கையிலேயே பல உலோகங்கள் துளித்துளி உண்டு, மிஞ்சினால்தான் வினை. முடிவு வந்ததும் அவரிடம் வாசித்துக் காட்டினேன். செம்பு ஏகத்துக்கு ஏறியிருந்தது. துத்தநாகம் ஏறியிருந்தது. தொட்டியில் பேருக்குக்கூட இருக்கக் கூடாத வெள்ளீயமும் இருந்தது. மூன்று பெயரையும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இது தண்ணி ரிப்போர்ட்டு இல்லீங்க அம்மணி. காப்பர், டின், ஜிங்க். என்ற பவுண்டரியில கன்மெட்டல் காய்ச்ச நான் போட்ட சேர்மானமுங்க. அதே சேர்மானத்துலதான் அவனும் வாத்திருக்கறான்." குரலில் வருத்தத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்ததை நான் கவனித்தேன். அப்போது எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

கதிரவனிடம் இம்பெல்லரையும் புஷ்ஷையும் மாற்றச் சொன்னால் போயிற்று, பிளாஸ்டிக்கில் கடைந்து தருவார் என்றேன். தலையை ஆட்டினார். "பழுதுன்னு சொன்னா அவன் மொகம் எப்பிடிப் போகும்னு எனக்குத் தெரியுமுங்க. பவுண்டரிய வித்த அன்னிக்குப் பாத்தேன். 'சரிங்கப்பா'ன்னான். இன்னொருக்கா அந்தச் 'சரிங்கப்பா'வைக் கேக்க என்னால ஆகாதுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "பம்பைக் கழட்டிப்போட்டா அவன் எதுக்குங்க வரோணும்?" என்றார். தான் உயிரோடு இருக்கிறவரைக்கும் அவனிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். திருநெல்வேலி வாயைப் பூட்டிக்கொண்டேன்.

அடுத்து அவர் செய்ததை நீங்கள் யாரும் அறியமாட்டீர்கள். ஒரு பிளாஸ்டிக் பம்பை வரவழைத்து, தொட்டியின் பின்பக்கத் தடுப்பறையில் மறைவாகப் பூட்டினார். தொட்டியை உண்மையில் ஓட்டியது அது. கதிரவனின் பம்பை இருந்த இடத்திலேயே விட்டு, அதன் அடியில் வெளியே தெரியாதபடி ஒரு பெயின்ட் வாளியை வைத்தார். வாளியிலிருந்து தண்ணீரை இழுத்து, தொட்டிக்குப் பின்னால் மேலே ஏற்றி, யாருக்கும் தெரியாத குழாய் வழியே அதே வாளிக்குள் திரும்ப விழும்படி செய்தார். மூச்சு வாங்க வாங்க அத்தனையையும் அவரே செய்தார். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது மல்லிகா அக்காவும் நானும். நம்பும்படி இருக்க வாளியிலும் உப்பைப் போடலாமே என்றேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "என்ற பையன் செஞ்ச பம்பை நானே உப்புல போட்டு அரிக்க விடுவனுங்களா?" சிறுவாணித் தண்ணீரை நிரப்பினார். வாரம் தவறாமல் மாற்றினார்.

தொட்டிக்குள் போன செம்பு அத்தனை சுலபத்தில் வெளியே வரவில்லை. பாதி தண்ணீரை மாற்றினால் அளவு இறங்கும்; சில நாளில் மறுபடி ஏறும். பாறைகள் குடித்து வைத்திருந்ததை மெல்ல மெல்லக் கக்கின. நம்மில் எத்தனை பேர் அந்த மாடிக்கு உப்புத் தண்ணீர் சுமந்து ஏறினீர்கள்! அண்ணன் தொட்டியில் எப்போது பார்த்தாலும் தண்ணீர் மாற்றுகிறார், வயசானால் இப்படித்தான் என்று கேலியும் செய்தீர்கள். அவர் பதில் சொல்லாமல் உங்களுக்கு எல்லாம் காப்பி கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்குப் பெரும்பாடு. கதிரவன் கீழ் அலமாரியைத் திறந்து பம்பில் காதை வைப்பார். "கேளுங்கப்பா, தேன் மாதிரி ஓடுது." அண்ணன், "கோயமுத்தூர்ப் பம்புன்னா சும்மாவா கண்ணு" என்பார். மல்லிகா அக்கா சுவரைப் பார்ப்பார். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுந்து போகவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் முடியாது. அந்த அறைக் கதவு திறந்துதான் இருக்கும். ஆனாலும் உள்ளே நால்வரும் பூட்டிக்கொண்டு கிடப்பதுபோல எனக்கு மூச்சு முட்டும். ஒரு ஞாயிறு குடைப் பவளம் மெல்ல விரல்களை வெளியே நீட்டியிருந்தது. கதிரவன்தான் முதலில் பார்த்தார். "பம்பு பழகிருச்சுங்கப்பா. பாருங்க, குடை விரிஞ்சுபோச்சு!" என்றார். அண்ணன், "ஆமா கண்ணு, எல்லாம் உன்ற பம்புதான்" என்றார். நான் கை கழுவப் போவதுபோல எழுந்து போய்க் குழாயடியில் நின்று அழுதேன். யாருக்காக என்று இன்றுவரை தெரியாது.

மாதாந்திர மின்தடை நாளில் இன்னொரு கூத்து. இன்வெர்ட்டரில் ஆக்சிஜன் பெட்டி, தொட்டிப் பம்பு இரண்டும் ஓட வேண்டும். அன்றைக்குக் கதிரவன் வருவதாகப் போன் பண்ணியிருந்தார். அண்ணன் வாளிப் பம்பையும் அதில் செருகச் சொன்னார். மல்லிகா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "வாளித் தண்ணி சுத்தறதுக்கு இன்வெர்ட்டருங்களா? உங்க மூச்சுக்கு வேண்டாமுங்களா?" என்று முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "அதுவும் என்ற மூச்சுதான் மல்லிகா." பம்பு ஓடியது. கதிரவன் வந்து எண்ணெய் விட்டுவிட்டுப் போனார்.

அண்ணனின் காரியமெல்லாம் முடிந்தபின் மல்லிகா அக்கா ஈரோட்டுக்கு மகனோடு போவது என்று முடிவாயிற்று. தொட்டியை என் வீட்டில் வைத்துக்கொள்ளும்படி கேட்டார்கள். தானே வந்து பிரித்துத் தருவதாகக் கதிரவன் சொன்னார். அவர் கையில் ஸ்பானரோடு அலமாரி முன் உட்காரப் போகிறார். 'நான் இருக்கிறவரைக்கும்' என்றார் அண்ணன். இப்போது அவர் இல்லை. கதிரவன் குழாயை இழுத்து எடுத்தால் இரண்டு முனையும் ஒரே வாளிக்குள் இருப்பது தெரிந்துவிடும். சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை இதுதான்: "கதிரவன், ஒரு காப்பி குடிச்சிட்டுப் பேசுவோமா?"

காப்பி பாதி இறங்கியதும் எல்லாவற்றையும் சொன்னேன். நத்தைகள், செம்பு, வாளி. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியுமுங்க அக்கா" என்றார்.

வாளி வைத்த முதல் மாதமே தெரியுமாம். கடல் தண்ணீர் ஓடுகிற பம்பின் மூட்டுகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். "என்ற பம்புல பூக்கவே இல்லீங்க. மூட்டுல ஒரு சொட்டு கசிஞ்சிருந்துச்சு. தொட்டு நாக்குல வெச்சேன். சிறுவாணித் தண்ணி. பொறந்ததுல இருந்து குடிக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா?" பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன். "மூச்சு வாங்கற மனுசன், நான் வரோணும்னு தரையில உக்காந்து பைப்பு பூட்டியிருக்கறாரு. அதைக் கேட்டுப்போட்டா, பொறவு நான் என்ன சொல்லிக்கிட்டு இந்தப் படி ஏறறதுங்க?" முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சும்மா வாரேன்னு சொல்ல எனக்கும் தெரியலீங்க, அவருக்கும் வான்னு சொல்லத் தெரியலீங்க."

போனில் அவர் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பம்பு நிக்கலீங்க. அப்பாவின் மூச்சு நின்ற வீட்டில் அந்த வாளித் தண்ணீர் மட்டும் சுற்றிக்கொண்டிருப்பதை அவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், எல்லாம் தெரிந்து. இரண்டு பேரையும் உட்கார வைத்து நாலு வார்த்தை கத்தியிருக்கலாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னமும் வருகிறது. ஒருவருக்கொருவர் அத்தனை மரியாதை காட்டியே செத்துப்போவார்களா?

இப்போது தொட்டி என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. குடைப் பவளம் இடமாற்றத்தில் கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டு இப்போது விரிந்திருக்கிறது. கதிரவனின் பம்பைத் துடைத்து, காய வைத்து, அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறேன். பாறையில் தங்கிப்போன செம்பை எடுப்பது தன் பொறுப்பு என்று கதிரவன் ஞாயிறுதோறும் ஈரோட்டிலிருந்து வருகிறார். தண்ணீர் மாற்றுகிறார். பவளத்தின் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அப்பா இருக்கிற இடம் இனி அது ஒன்றுதான். போகும்போது, "அக்கா, இன்னும் காப்பர் இருக்குதுங்களா?" என்று கேட்பார். "கொஞ்சம் இருக்கிறது" என்பேன். "அப்ப அடுத்த வாரமும் வாரேனுங்க" என்று படி இறங்குவார்.

கடைசியாக அனுப்பிய சோதனையில் மிஞ்சிய செம்பு இல்லை. வெள்ளீயமும் இல்லை. தண்ணீர் சுத்தமாகிவிட்டது. நான் சொல்லவில்லை. சென்னியப்பன் அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது தொட்டியையோ பவளத்தையோ அல்ல. ஒருவர் வந்துபோக ஒரு சாக்கு வைத்திருப்பதை. இதைக் கதிரவன் படிப்பார். படித்துவிட்டு ஒன்றும் கேட்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வாளியோடு வருவார். நான் காப்பி போட்டு வைத்திருப்பேன்.